மைவி கார் தண்ணில நின்னுச்சு, 85 வெள்ளி (ரிங்கிட்) காப்பாத்துச்சு (முக்காவாசி)

போன அக்டோபர் கடைசில நடந்த கத இது. கேஎல் (கோலாலம்பூர்) மழையப் பத்தி இங்க இருக்குறவங்களுக்கு தெரியும், ஏப்ரல் மே ஒரு தடவ, அக்டோபர் நவம்பர் ஒரு தடவ, மத்தியானம் வரைக்கும் மண்டைய பொளக்குற வெயிலு, நாலு மணிக்கு மேல வானத்த கிழிச்சு ஊத்தும். நாங்க செந்தூல் பக்கம், சுங்கை பத்துக்கு கிட்ட, காடி (கார்) விடுறது கட்டடத்துக்கு அடியில பேஸ்மெண்ட்ல. நான் அன்னிக்கு எல்ஆர்டி ரயில்ல வேலைக்கு போயிட்டேன், காடி காலையில இருந்து கீழயே கெடந்துச்சு.

ஆறு மணிக்கு பில்டிங் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வருது. யாரோட ஜப்பான் செருப்போ மெதந்து போகுது, பின்னாடி பாத்தா என் நம்பர் பிளேட்டு பாதி தண்ணிக்குள்ள.

வீட்டுக்காரர் ஜோகூர்ல வேல, வாரக் கடைசிலதான் வருவாரு, அதனால தம்பிய கூப்ட்டேன். அவன் வந்து சேந்தப்ப தண்ணி கொஞ்சம் எறங்கி இருந்துச்சு, கதவ தொறந்தா உள்ள இருந்து தண்ணி கொட்டுது, சீட்டு பஞ்சு கீழ்ப்பாதி முழுக்க ஊறிப்போச்சு. "சாவி குடுக்கா, ஸ்டார்ட் பண்ணி மேல ஏத்திரலாம்"ங்குறான். நானும் குடுக்கத்தான் போனேன். அதே நேரம் பக்கத்து பார்க்கிங் லாட்டு அங்கிள் அவரு பெர்சோனா காடிய ஸ்டார்ட் பண்ணாரு, ஒரு தடவ உறுமுச்சு, அப்புறம் டக்குனு இரும்பு ஒடையிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னாடி ஃபோர்மென் (மெக்கானிக்) சொல்லித்தான் தெரிஞ்சுச்சு, காத்து இழுக்குற வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிருச்சுன்னா பிஸ்டனால காத்த அமுக்குற மாதிரி தண்ணிய அமுக்க முடியாது, உள்ள இருக்குற ராடு வளஞ்சிரும், இஞ்சின் காலி. நான் சாவிய ஹேண்ட்பேக்குல போட்டு ஜிப்ப மூடிட்டேன். தம்பி பேட்டரியோட நெகட்டிவ் வயர மட்டும் கழட்டி விட்டான், அன்னிக்கு அவன் செஞ்ச ஒரே உருப்படியான வேல.

இப்ப இன்சூரன்ஸ் கதைக்கு வரேன். நான் ஏஜெண்ட் அக்காவுக்கு போன் போட்டப்ப எனக்கு இருந்த தைரியம், "நம்மது ஃபுல் கவர்தானே, பாத்துக்குவாங்க"ங்குறதுதான். அக்கா சொன்னாங்க, "ஃபுல் கவர்ல வெள்ளம் கெடையாதும்மா. ஒனக்கு இருக்கு, ஏன்னா நான் டிக் போட்டேன்." காம்ப்ரிஹென்சிவ்னு பேரு இருந்தாலும் விபத்து, திருட்டு, தீ இதுதான் அதுல அடக்கம், வெள்ளம் புயல் நெலச்சரிவு எல்லாம் ஸ்பெஷல் பெரில்ஸ்னு தனியா காசு கட்டி சேக்கணும். கவர்நோட்ட (இன்சூரன்ஸ் பேப்பர்) எடுத்து பாக்குறேன், அந்த வரி இருக்கு, 85 வெள்ளி. காடிய 34,000 வெள்ளிக்கு போட்டிருந்தாங்க, அதுல 0.25 விழுக்காடு. நான் மூணு வருஷமா கட்டிட்டு வரேன், ஒரு தடவ கூட அது என்னன்னு கேட்டதில்ல. அக்கா எல்லாருக்கும் இத போட ஆரம்பிச்சது 2021 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறமாம். எங்க பெரியம்மா பையன் வீடு ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடால, அந்த வெள்ளத்துல அவன் காடி கூரை வரைக்கும் முங்கிருச்சு, ஃபுல் கவர் வச்சிருந்தான், ஸ்பெஷல் பெரில்ஸ் இல்ல, ஒரு காசு வரல.

அன்னிக்கு ராத்திரியே பாலாய்க்கு (போலீஸ் ஸ்டேஷனுக்கு) போய் ரிப்போர்ட் போடச் சொன்னாங்க. கவுண்ட்டர்ல இருந்த போலீஸ் தம்பி என் மொகத்த பாத்ததும் "கெரேத்தா தெங்கெலாம் கே, காக்?" (காடி முங்கிருச்சாக்கா?)னு கேட்டுட்டு, நான் தலையாட்டுனதும் டைப் பண்ண ஆரம்பிச்சிட்டாரு, எனக்கு முன்னாடி எத்தன பேரு வந்தாங்களோ. எந்த எடம், எத்தன மணி, தண்ணி எதுவர, காடி ஓடுச்சா நின்னுச்சா, அவ்வளவுதான் கேட்டாரு. காடி நிறுத்தி வச்சிருந்தப்ப நடந்ததுன்னு தெளிவா எழுதச் சொன்னேன்.

அடுத்த நாள் அம்மா வாளியும் துணியுமா கெளம்பிட்டாங்க காடிய தொடைக்க. நாத்தம் தாங்கல, சேறு காயிறதுக்குள்ள கழுவலாம்னு. தொடக் கூடாதுன்னு நிறுத்தி வச்சேன், அட்ஜஸ்டர் (சேதத்த கணக்கெடுக்க வர்றவரு) பாக்குற வரைக்கும் தண்ணிக் கோடு அப்படியே இருக்கணும்னு அக்கா சொல்லியிருந்தாங்க. கதவு, சீட்டு, பின்னாடி டிக்கி, டேஷ்போர்ட், இஞ்சின் பக்கம், தூண்ல நின்ன சேத்துக் கோடு எல்லாத்தையும் போட்டோ எடுத்தேன். ஐசி (அடையாள அட்டை), லைசென்ஸ், காடி கிரான்ட் (பதிவு பேப்பர்), போலீஸ் ரிப்போர்ட், கிளைம் பாரம், போட்டோ, அவ்வளவுதான் பேப்பர். டோவ் லாரிக்காரன்தான் நேரம் பாத்து கொள்ளையடிப்பானுங்க, தெருவுல நிக்கிற லாரிய நிறுத்திடாதீங்க, கவர்நோட்டுல இருக்குற நம்பருக்கு அடிச்சு அவங்க அனுப்புற லாரில, அவங்க ஒத்துக்கிட்ட பேனல் வர்க்‌ஷாப்புக்கே இழுத்துட்டு போகச் சொல்லுங்க.

அட்ஜஸ்டர் வரதுக்கு நாலு நாளு. அந்த நாலு நாளு எனக்கு தூக்கம் இல்ல. ரிப்பேர் செலவு காடி மதிப்புக்கு கிட்ட போச்சுன்னா டோட்டல் லாஸ்னு முடிச்சிருவாங்க, அப்படின்னா வர்ற பணம் மொதல்ல பேங்குக்குதான் போகும், ஒம்பது வருஷ லோன்ல இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி, நான் போட்டிருந்தது மார்க்கெட் வேல்யு, அன்னைய நெலவரத்துக்கு என்ன வெலையோ அதுதான், மிச்சம் கைக்கு என்ன வரும். நல்லவேள அந்த அளவு போகல. மொத்த பில் 7,400, சாமான் மட்டும் 4,800. கார்ப்பெட், சீட்டு பஞ்சு, வயரிங், ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர்.

இங்கதான் யாரும் எனக்கு சொல்லாத ஒண்ணு வந்துச்சு, பெட்டர்மெண்ட்டு. பழைய காடிக்கு புது சாமான் போட்டா ஒனக்கு லாபம்தானே, அதுல ஒரு பங்க நீ கட்டுங்குறாங்க. அஞ்சு வருஷக் காடிக்கு 15 விழுக்காடு, அப்புறம் வருஷத்துக்கு அஞ்சு அஞ்சா ஏறி பத்து வருஷத்துல 40. என் மைவி 2018, ஏழு வருஷம், 25 விழுக்காடு, 4,800ல 1,200 வெள்ளி என் கையில இருந்து. வெள்ளத்துல முங்கி எனக்கு என்ன லாபம்னு இன்சூரன்ஸ் கம்பெனி பொண்ணுகிட்ட போன்லயே கத்திட்டேன், பாவம் அந்தப் பொண்ணு என்ன பண்ணும்.

அடுத்து என்சிடி, கிளைம் பண்ணாம இருந்தா பிரீமியத்துல குடுக்குற தள்ளுபடி. கிளைம் பண்ணா என் 55 விழுக்காடு தள்ளுபடி மொத்தமும் போயிரும்னாங்க. வெள்ளத்துக்கு நானா காரணம்? ஆனா விதி அப்படித்தான். ஒரு ராத்திரி ஒக்காந்து கணக்கு போட்டேன். தள்ளுபடிக்கு முன்னாடி என் பிரீமியம் சுமார் 1,130, அதுல 55 போனா 508 கட்டிட்டு இருந்தேன். அடுத்த வருஷம் முழு 1,130. அப்புறம் 25, 30, 38.33, 45னு ஏறி மறுபடி 55 தொடுற வரைக்கும் நான் கூடுதலா கட்டுறது கூட்டிப் பாத்தா 1,500 கிட்ட, காடி வெல வருஷா வருஷம் எறங்குறதால கொஞ்சம் கொறையலாம். பெட்டர்மெண்ட்டு 1,200 சேத்தா 2,700. பில்லு 7,400. சரி கிளைம் பண்ணலாம். பில்லு 2,000 3,000குள்ள இருந்திருந்தா சத்தியமா கைக்காசு போட்டு முடிச்சிருப்பேன், தண்ணி வெறும் கார்ப்பெட் வரைக்கும் வந்த பக்கத்து பிளாக் மலர் அக்கா அததான் செஞ்சாங்க, 900 வெள்ளில முடிஞ்சிருச்சு.

காடி கைக்கு வர ஏழு வாரம். அதுவரைக்கும் கிராப்தான், 600 வெள்ளிக்கு மேல, அதுக்கு யாரும் பொறுப்பில்ல. வர்க்‌ஷாப் தௌக்கே (மொதலாளி) நல்ல மனுஷன், பட்டர்வொர்த்காரரு, தமிழ் சரளமா பேசுறாரு, "தங்கச்சி, ஏசி போட்டா நாத்தம் வரும், ஒரு மாசம் ஜன்னல தொறந்து ஓட்டு"ன்னாரு. நான் நாலு மாசம் ஓட்டுனேன்.

மார்ச்ல ரினியூ பண்ணப்ப கவர்நோட்ட வரிக்கு வரி படிச்சேன். ஸ்பெஷல் பெரில்ஸ் இருக்கு, பெட்டர்மெண்ட்டு கட்ட வேணாங்குற கவரையும் சேத்துக்கிட்டேன், என்சிடி எடத்துல பெரிய முட்டை. பக்கத்து லாட்டு அங்கிளோட பெர்சோனா இன்னும் அங்கேயே தார்ப்பாய் போத்தி கெடக்கு, அவருக்கு அந்த வரி இல்ல. நான் இப்ப மழ இருட்டுச்சுன்னா ஓடிப்போய் காடிய மேல மாமரத்துக்கு அடியில விட்டுர்றேன், காலையில பாத்தா மைனா எச்சம் கண்ணாடி முழுக்க, அம்மா அதே வாளியோட எறங்கி வராங்க.