பசை, விலாசம், ரேகை

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன தபால் ஆபீசில் கவுன்டர் வேலை எனக்கு. நாள் முழுக்கக் காதில் விழும் சொற்கள் கொஞ்சம்தான். அதில் சில, வீட்டுக்கு வந்த பிறகும் மனசை விட்டுப் போவதில்லை.

பசை. 'சார், பசை இருக்கா?' என்று கேட்டபடிதான் பாதிப் பேர் உள்ளே வருவார்கள். வேலைக்கு மனுப் போட வரும் பிள்ளைகள் கவரை ஒட்டியதும் தந்துவிட மாட்டார்கள். ஓரத்தை இன்னொரு தடவை நீவிவிட்டு, விலாசத்தை வாய்க்குள் படித்துப் பார்த்து, அப்புறம்தான் நீட்டுவார்கள். வரிசை நீண்டிருந்தாலும் அவர்களை நான் அவசரப்படுத்துவதில்லை.

விலாசம் என்றால் எங்களுக்குப் பெரிய பாடு. 'புதூர்' என்று மட்டும் எழுதினால் எந்தப் புதூருக்கு அனுப்புவது? ஒரே பெயரில் இத்தனை ஊர்கள் இருப்பதால்தான் 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு கொண்டுவந்தார்கள். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் அடங்கிய மண்டலம். கடைசி மூன்று இலக்கம் டெலிவரி ஆபீசைக் காட்டும். அந்த ஆறு எண்ணும் ஆபீஸ் வாசலோடு சரி. அதற்கு மேல் தபால்காரர் பாடு. 'முனியன் கோயிலுக்குப் பின்னாடி, டீக்கடைக்காரர் மருமகளுக்கு' என்று வந்த கவரைக்கூட எங்கள் தபால்காரர் உரிய கையில் சேர்த்திருக்கிறார்.

ரேகை என்ற சொல்தான் என்னை ரொம்பப் படுத்துகிறது. முதியோர் பென்ஷன் மணியார்டரில் வந்த காலத்தில், எழுதத் தெரியாதவர்கள் பெருவிரலை மையில் ஒற்றி வைப்பார்கள், பக்கத்தில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார், பணம் கைக்குப் போய்விடும். இப்போது ஆதாரை வைத்துப் பணம் எடுக்க ரேகை மெஷின் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி வறுத்து உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? கொட்டையின் ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலை அரித்துவிடும். விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, உரிந்த இடம் வழவழவென்று இருக்கும். அப்படி ஒரு ஆத்தா பெருவிரலை வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மாற்றி மாற்றி வைத்தோம். 'அழுக்கா இருக்கா தம்பி? சோப்புப் போட்டுத்தானே கழுவிட்டு வந்தேன்' என்று முந்தானையில் கையைத் தேய்த்தார்.

அழுக்கில்லை ஆத்தா, உழைச்சு உழைச்சுத் தேஞ்ச விரலு என்றேன். கடைசியில் மோதிர விரலுக்குப் பணம் வந்தது. எந்த விரல் என்று அவர் பாஸ்புக் உறையில் எழுதி வைத்தேன், அடுத்த மாதம் யார் இருந்தாலும் தெரியட்டும் என்று.

அஞ்சலக வங்கியில் 2025-இல் முகத்தைக் காட்டிப் பணம் எடுக்கும் வசதியை அறிவித்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். நகரத்துக்கு முன்னால் இந்த முந்திரிக்காட்டு ஊர்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும்தான் அது சரியாக வந்து சேர வேண்டும். சிக்னல் இல்லாத கிளை அஞ்சலகங்களில் அது எப்படி ஓடும் என்பதையும் இப்போதே பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.