அப்பா இல்லாமல் சேர்வராயன் மலைக்கு

அப்பாவின் வருஷத் திதி முடிந்த கையோடு அம்மா சொல்லிவிட்டார்: "சேர்வராயனுக்குப் போகணும் கண்ணு. வேண்டுதல் விட்டுப் போகக் கூடாது."

சேர்வராயன், சேலத்துக்குப் பக்கத்தில் ஏற்காட்டு மலை உச்சியில் குகைக்கோயிலில் இருக்கும் சாமி. வேண்டுதல் எங்கள் அப்பாயியுடையது, அப்பாவைப் பெற்றவர். அப்பா அப்போது மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தார். 1971 டிசம்பர் 3-ல் பாகிஸ்தானோடு மூண்ட சண்டை 16-ஆம் தேதியே ஓய்ந்துவிட்டது. ஆனால் மகனிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்து சேரும் வரை அப்பாயி ராத்திரி சோறு தொடவில்லையாம். "புள்ள உசுரோட வந்தா வருசந்தவறாம உன் மலை ஏறச் சொல்றேன்" என்று வேண்டிக்கொண்டது அவர், ஏறியது அப்பா. லீவு கிடைக்காத வருஷங்களில் அப்பாயியே போய் வந்தார். பட்டாளத்திலிருந்து வந்தபின் அப்பா ஒரு வருஷமும் விட்டதில்லை.

அம்மா பார்த்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கேட்கவா வேண்டும்? அடிவாரத்திலிருந்தே வண்டிகள் ஊர்ந்தன. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நின்று நின்றுதான் ஏறினோம். மேலே ரசீது இல்லாமல் பார்க்கிங் காசு கேட்டார் ஒருவர். தட்டு வாங்கினால்தான் செருப்பு விடலாம் என்றார் இன்னொருவர். அப்பாவாக இருந்தால் "ரசீது எங்கப்பா?" என்று கேட்டு அங்கேயே நின்றிருப்பார். நான் பேசாமல் கொடுத்துவிட்டு நடந்தேன்.

அப்பாவுக்கு ராணுவ பென்ஷன் வந்தது, பாங்கில் காவலுக்கு நின்ற சம்பளமும் வந்தது. மூன்று பேர் படிப்புக்கு அது பற்றவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலிருந்து அம்மா வாங்கி வரும் கொலுசு வேலையில் அப்பாவும் உட்கார்ந்துவிடுவார். காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சலங்கைகளை ஒவ்வொன்றாக வளையத்தில் மாட்டுவார். பாயில் சிந்திய வெள்ளித் தூளைக்கூட ஈர விரலால் ஒற்றி, காகிதத்தில் மடித்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புவார். சண்டையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "குளிரு, அப்புறம் சப்பாத்தி" என்பதோடு சரி.

மலை உச்சி 1,623 மீட்டர். வெளியே ஆளைத் தள்ளும் காற்று, குகைக்குள் நுழைந்தால் ஈரம். முழங்கால் வலியோடு அம்மா வெளியே இருக்க மாட்டேன் என்று என் தோளைப் பிடித்துக் குனிந்தே வந்தார். விளக்கு வெளிச்சத்தில் சேர்வராயனும் காவேரி அம்மனும். பின்னால் "நகருங்க, நகருங்க" என்று ஒரே சத்தம்.

"யார் பேருக்கும்மா?" என்றார் பூசாரி.

அம்மா அப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார், வழக்கம்போல. தங்கை என் சட்டையை இழுத்தாள். சொல்லவா வேண்டாமா என்று நான் விழிப்பதற்குள் பூசாரி அந்தப் பெயரை உரக்கச் சொல்லிக் கற்பூரம் காட்டிவிட்டார். எனக்கு அதன்பின் சாமி சரியாகத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

காரில் அம்மாவே பேச்செடுத்தார். "தெரிஞ்சுதான் சொன்னேன். வருசா வருசம் கேட்ட பேரு. கேக்கலைன்னா சாமி தேடாதா?"

சேர்வராயா, பிள்ளை உயிரோடு வந்தால் போதும் என்றுதான் அப்பாயி உன்னிடம் கேட்டார். அப்பாவுக்குக் கல்யாணமும், எங்களையும், ஓட்டு வீடு மாடி வீடானதையும், பேத்தி காலேஜுக்குக் கிளம்பியதைத் திண்ணையிலிருந்து பார்க்கும் ஆயுசையும் கேட்காமலேயே கொடுத்தாய். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை சாமி. அடுத்த வருஷமும் கட்டாயம் வருவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்.