நோட்டுல அவங்க பேரே இல்ல

ஏற்காடு மலையில படுத்த படுக்கையா கிடக்கறவங்க வீடுகளுக்குப் போய்ப் பாக்கற வேலையில சேந்து நாலு வருஷம் ஆச்சு. சேலத்துல ஒரு சின்ன தொண்டு நிறுவனம், எனக்கு ஒருங்கிணைப்பாளர்னு பேரு, நெசமா சொன்னா ஒரு ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆபீஸுக்கு ஃபைலத் தூக்கிட்டு அலையறதுதான் வேலை. அடிவாரத்துல டீ குடிச்சிட்டு பஸ் ஏறினா 20 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் எந்த ஊருக்குப் போறமோ அதைப் பொறுத்து ஜீப்போ நடையோ.

நாகலூர் பக்கம் ஒரு வீடு. மாமனாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு, பேச்சும் போச்சு. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில, மருமகதான் எல்லாம். எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிக்கறவங்க, நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும்தான் கையில நாலு காசு பாக்கற சீசன், அந்த நேரம் பாத்து இவரை விட்டுட்டுப் போக முடியாது.

அந்த வீட்டுக்கு ஆள் வராம இல்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021ல வந்ததுல இருந்து பிரஷர் பாக்க, மாத்திரை குடுக்க ஒருத்தங்க வர்றாங்க, பிசியோதெரபிக்கு ஒருத்தர், ஊனமுற்றோர் அட்டைக்கு விவரம் கேட்டு ஒருத்தர், அப்புறம் நாங்க. நாலு பேரும் நாலு நாள்ல. எல்லாரும் முதல்ல கேக்கறது எப்ப வாதம் வந்துச்சுன்னுதான், நானும் போய் அதையே கேட்டப்ப அந்தக்கா சிரிக்காமயே, "எழுதி செவுத்துல ஒட்டிடட்டுமா மேடம்"னாங்க.

கீழ நடக்கற ஒருங்கிணைப்புக் கூட்டம் எத்தனையோ போயிருக்கேன், டீ, சமோசா, "எங்க சைடுல ரெடிங்க சார்", முடிஞ்சதும் கையெழுத்து. எல்லாரும் நல்லவங்கதான், ஆனா இன்னொருத்தர் எந்தக் கிழமை அந்த வீட்டுக்குப் போறார்னு யாருக்கும் தெரியாது. அதனால அந்தக்கா சொன்னதையே பிடிச்சுக்கிட்டு ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி கயிறு கோத்து கட்டில் பக்கத்துல ஆணியில மாட்டினோம், யார் வந்தாலும் பாத்ததை எழுதிட்டுப் போகணும். மூணே வாரத்துல பலன் தெரிஞ்சது. முதுகுல தோல் சிவந்திருக்குன்னு பிரஷர் பாக்கற அக்கா எழுதினதை மறுநாள் வந்த எங்க நர்ஸ் படிச்சிட்டு, புண்ணா ஆகறதுக்கு முன்னாடியே தண்ணிப் படுக்கை ஏற்பாடு பண்ணினாங்க.

எனக்கு ஒரே பெருமை, ஃபோட்டோ எடுத்து குரூப்ல எல்லாம் போட்டேன்.

மூணு மாசம் கழிச்சு ஒரு மழை நாள், பஸ் வராம அந்த வீட்டுலயே உக்காந்து நோட்டை முதல்ல இருந்து புரட்டினேன். அவரோட பிரஷர், அவரோட டியூப், அவருக்கு வெளிய போனது போகாதது வரைக்கும் இருக்கு. ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு அவரைத் திருப்பிப் போடறாங்களே, அந்தக்கா பத்தி ஒரு வரி இல்ல. எங்க ஃபாரத்துலயும் அவங்க "அட்டெண்டர் உண்டு / இல்லை", அவ்வளவுதான். உண்டுன்னு டிக் அடிச்சது நான். மாசம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைன்னு ஒண்ணு இருக்கு, பேர்ல பராமரிப்பு இருக்கே தவிர பணம் மாற்றுத்திறனாளிக்கு, பாத்துக்கறவங்களுக்கு இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அதிக உதவி தேவைப்படறவங்களுக்கு, பாத்துக்கற ஆளுக்காக ஒரு படித்தொகை தரணும்னு எழுதியிருக்குன்னு கூட்டத்துல நான் ஒரு தடவை எடுத்துச் சொன்னேன், குறிச்சுக்கிட்டாங்க.

ஒரு ஆன்லைன் டிரெயினிங்ல வேல்ஸ் நாட்டைப் பத்திச் சொன்னாங்க. அங்க 2014 சட்டப்படி ஆஸ்பத்திரி நிர்வாகமும் உள்ளாட்சியும் ஒண்ணா உக்கார்ற மண்டலக் கூட்டு வாரியம் இருக்காம், அதுல சம்பளம் இல்லாம வீட்டுல பாத்துக்கறவங்க சார்பா ஒருத்தர் உறுப்பினரா இருந்தே ஆகணுமாம். அங்கயும் ஆயிரம் குறை இருக்கும், இருந்தாலும் அந்த ஒரு நாற்காலி என் மண்டையிலயே நின்னுருச்சு.

அடுத்த கூட்டத்துக்கு அந்தக்காவைக் கூப்பிட்டேன். "மாமனாரப் பாக்கறதுக்கெல்லாமா மீட்டிங்கு, அப்ப இவர யாரு பாக்கறது?" சரியான கேள்வி. மகளிர் குழுப் பொண்ணு ஒருத்தி அன்னைக்கு அவரோட உக்காந்துச்சு, இவங்க கீழ வந்தாங்க. காலை 11 மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய கூட்டம் 12 தாண்டித்தான் ஆரம்பிச்சுது, இவங்க பஸ்ஸை நினைச்சு கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தாங்க. பேசினது ரெண்டே நிமிஷம். பணம் கேப்பாங்கன்னு நான் நினைச்சேன், கேக்கல. "வாரத்துல ஒரு மத்தியானம் யாராச்சும் இவரப் பாத்துக்கிட்டா போதுங்க."

இப்ப புதன்கிழமை மத்தியானம் அந்தக் குழுப் பொண்ணு போகுது, நாங்க பஸ் காசும் சின்னதா ஒரு தொகையும் குடுக்கறோம், மார்ச்சோட புராஜெக்ட் முடியுது, அதுக்கப்புறம் எந்தத் தலைப்புல கணக்கு எழுதறதுன்னு தெரியல. முதல் புதன் முடிஞ்சு அடுத்த வாரம் போனப்ப, எங்கக்கா போனீங்க, சந்தைக்கான்னு கேட்டேன்.

"பக்கத்து வீட்டுல போய்ப் படுத்துத் தூங்கினேன் மேடம்."

அதை நோட்டுல எழுதி தேதி போட்டேன்.