செப்பாங் போகும் மைவிக்கு எந்த பிரேக்? இதுவரை செய்து பார்த்தது

என்னுடையது 2012 பெரோடுவா மைவி கார், 1.5 லிட்டர், மேனுவல் கியர். வார நாள்களில் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் வேலைக்குப் போகும். டிராக் டே, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்ட விடும் நாள், கிடைக்கும் வாரக் கடைசியில் அதே கார்தான் செப்பாங் பந்தயத் தடத்திலும் ஓடும். முன் சக்கரங்களில் காற்றோட்ட டிஸ்க், பின்னால் டிரம். இதற்குப் பெரிய பிரேக் போட வேண்டுமா, கம்பெனி பிரேக் போதுமா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கம்பெனி காலிப்பரையும் (பேட்டை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) கம்பெனி அளவு டிஸ்க்கையும் வைத்துக்கொண்டே எவ்வளவு தூரம் போக முடியும் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து வருகிறேன்.

செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. பிரேக்குக்கு உண்மையான வேலை நான்கைந்து இடங்களில்தான். முதல் நேர்ப்பாதை முடிவில் வரும் 1-ஆம் வளைவு, மேடேறிப் போய் வரும் 4, இடப்பக்கம் சுருண்டு திரும்பும் 9, வண்டி திரும்பிக்கொண்டிருக்கும்போதே பிரேக் பிடிக்க வேண்டிய 14, பின் நேர்ப்பாதை முடிந்ததும் வரும் கடைசி 15. இந்தக் கடைசி வளைவும் 1-ஆம் வளைவும்தான் கொடுமை. ஒன்றில் பிரேக் பிடித்து ஆறுவதற்குள் நேர்ப்பாதை முடிந்து அடுத்தது வந்துவிடும்.

முதலில் எதையும் மாற்றாமல், கம்பெனி பேட் (டிஸ்க்கில் உரசி வண்டியை நிறுத்தும் கட்டை), பழைய பிரேக் எண்ணெய் என்று அப்படியே போனேன். எது முதலில் கைவிடுகிறது என்று தெரியாமல் பாகம் வாங்குவதில் அர்த்தமில்லை. வேகத்தைக் குறைத்து, சீக்கிரமே பிரேக் பிடித்து, காலில் என்ன தெரிகிறது என்பதை மட்டும் கவனித்தேன். சில சுற்றுகளிலேயே பெடல் நீண்டது. வழக்கமாகப் பாதியில் பிடிப்பது, முக்கால் தூரம் போன பிறகுதான் பிடித்தது. உடனே வேகத்தை விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பிரேக் மங்குவது இரண்டு வகை. பேட் சூடு தாங்காமல் போனால் பெடல் கல் மாதிரி கெட்டியாகத்தான் இருக்கும், வண்டிதான் நிற்காது. எண்ணெய் கொதித்தால் பெடல் மெத்தென்று கீழே போகும். முதலாவதற்கு நல்ல பேட், இரண்டாவதற்கு நல்ல எண்ணெய். எனக்கு வந்தது இரண்டாவது. அன்று பேட்டை மட்டும் மாற்றியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும், ஏனென்றால் நன்றாகப் பிடிக்கும் பேட் இன்னும் தாமதமாக பிரேக் பிடிக்கத் தைரியம் கொடுக்கும், எண்ணெய் அதே பழைய எண்ணெய்தான்.

சூட்டை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஓட்டுநரோடு சேர்த்து வண்டி ஆயிரம் கிலோ என்று வைத்துக்கொள்வோம். 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 6.8 லட்சம் ஜூல் ஆற்றல் சூடாக மாற வேண்டும். அதில் முக்கால் பங்கு முன் டிஸ்க்குகளுக்குப் போகிறது, அதாவது ஒன்றுக்கு இரண்டரை லட்சம் ஜூல். டிஸ்க் 4 கிலோ வார்ப்பிரும்பு என்றால் ஒரே மிதியில் 130, 140 டிகிரி ஏறும். ஆறுவதற்குள் அடுத்த மிதி. வேகம் பத்து சதவீதம் கூடினால் ஆற்றல் 21 சதவீதம் கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், எஞ்சினுக்குச் செய்யும் ஒவ்வொரு வேலையும் பிரேக்கில் வந்து விழும்.

எண்ணெயில் ஆரம்பித்தேன். டாட் என்பது பிரேக் எண்ணெயின் தர வகை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வகை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது போல, நம் ஊர்க் காற்றில் இது சும்மா இருந்தாலே கெடும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அதே எண்ணெய்க்கு விதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 5.1-க்கு 260-உம் 180-உம். நான் ஊற்றியது மோட்டுல் ஆர்பிஎஃப் 600. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை 312 டிகிரி. ரேஸ் எண்ணெய் என்பதால் ஈரம் ஏறுவதைக் கொஞ்சமும் அலட்சியப்படுத்த முடியாது, ஒவ்வொரு டிராக் டேக்கு முன்பும் காலிப்பரில் நிற்கும் எண்ணெயையாவது வடித்துப் புதியது இறக்குகிறேன். டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிக்கான். எண்ணைப் பார்த்து 5.1-இன் தம்பி என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள், இரண்டும் கலக்கவே கூடாது.

எண்ணெய் வடிக்கும் வேலையை செந்தூலில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரின் பட்டறையில் செய்தேன். நான் பெடலை மிதிக்க, அவர் எண்ணெய் வடியும் நிப்பிளைத் திறந்து மூடினார். அவர் முதலில் செய்த காரியம் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்ததுதான்.

“பழைய வண்டி தம்பி. மாஸ்டர் சிலிண்டர்ல ரப்பர் தினமும் போய் வர்ற இடம் வழவழன்னு இருக்கும். அதுக்கு அந்தாண்ட துரு பிடிச்சிருக்கும். முழுசா மிதிச்சீங்கன்னா ரப்பர் கிழிஞ்சிரும்.”

மாஸ்டர் சிலிண்டர் என்பது பெடல் மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் பாகம். பத்து வயது தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புது எண்ணெய் ஊற்றிய மறுவாரமே பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். அதே நாளில் ரப்பர் குழாய்களையும் மாற்றினோம். எஃகுக் கம்பி பின்னிய குழாய் போடவில்லை. அது பெடலைக் கொஞ்சம் கெட்டியாக்கும், நிற்கும் தூரத்தைக் குறைக்காது. புதிய கம்பெனி ரப்பர் குழாயே எனக்குப் போதும் என்று பட்டது.

அடுத்த முறை போனபோது பெடல் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றது. ஆனால் கடைசிச் சுற்றுகளில் வேறொன்று தெரிந்தது. பெடல் கெட்டியாக இருக்க, வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எண்ணெய் சரியானதும் பேட்டின் எல்லை வெளியே தெரிந்துவிட்டது.

பேட் வாங்குமுன் டிஸ்க் எவ்வளவு சூடாகிறது என்று அளக்க விரும்பினேன். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியை நம்பி ஏமாற வேண்டாம். பளபளக்கும் டிஸ்க்கில் அது குறைத்துத்தான் காட்டும், போதாததற்கு பிட்டுக்குள் (தடத்தின் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) வந்து சேர்வதற்குள் டிஸ்க் பாதி ஆறியிருக்கும். வெப்ப வர்ணம் நல்ல வழி. டிஸ்க்கின் விளிம்பில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று கோடு போட வேண்டும். பச்சை 430 டிகிரியில் வெளுக்கும், ஆரஞ்சு 560-இல் மஞ்சளாகும், சிவப்பு 610-இல் வெளுக்கும். ஒருமுறை மாறினால் திரும்பாது, ஆகவே சாவகாசமாகப் பார்க்கலாம். காலிப்பர் மேல் வெப்பம் காட்டும் ஸ்டிக்கர் ஒன்றும் ஒட்டினேன், ஏனென்றால் எண்ணெயின் கதி டிஸ்க்கின் சூட்டைவிடக் காலிப்பரின் சூட்டில்தான் இருக்கிறது.

பச்சை முழுதாக வெளுத்திருந்தது. ஆரஞ்சு அப்படியே இருந்தது. காலிப்பர் ஸ்டிக்கரில் 190 டிகிரிக் கட்டம் வரை கறுத்திருந்தது. பழைய எண்ணெய் ஏன் கொதித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

டிஸ்க் 430-க்கும் 560-க்கும் இடையில் நிற்கிறது என்றால் சாதாரண ரோட்டுப் பேட்டுக்கு அது அதிகம், முழு ரேஸ் பேட்டுக்கு அவசியமில்லை. ரேஸ் பேட் சூடேறினால்தான் கடிக்கும். காலையில் ஜாலான் ஈப்போ சிக்னலில் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தால் எனக்குக் குளிர்ந்த பேட்டிலேயே பிடி வேண்டும். அதனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள, ரோட்டிலும் டிராக்கிலும் ஓட்டலாம் என்று சொல்லும் செமி மெட்டாலிக் வகையை எடுத்தேன். தூசி அதிகம், ரிம் கறுக்கிறது, மெதுவாகப் போகும்போது கீச்சென்று ஒரு சத்தம். இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

புதுப் பேட்டைப் போட்டதும் டிராக்கில் விரட்டக் கூடாது. உள்ளேயிருக்கும் பிசின் முதல் சூட்டில் ஆவியாகி, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் படலமாக நிற்கும். புத்தம்புதுப் பேட் திடீரென்று பிடிக்காமல் போவது இதனால்தான். ராத்திரி ஆள் இல்லாத சாலையில் நடுத்தர வேகத்திலிருந்து அழுத்திக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் விட்டு, மறுபடி வேகம் எடுத்து, இப்படிப் பலமுறை செய்து, கடைசியில் பிரேக் தொடாமல் ஆறவிட்டேன். டிஸ்க் மேல் சாம்பல் நிறத்தில் ஒரே சீரான படலம் வந்தால் வேலை முடிந்தது.

பேட்டைக் கழற்றும்போது காலிப்பர் நகர உதவும் வழுக்கு ஊசிகளையும் பாருங்கள். ஒன்று இறுகியிருந்தால் பேட் ஆப்பு வடிவில் தேயும், ஒரு பக்கம் மட்டும் சூடேறும். என் காரில் இடது பக்க ஊசி கையால் தள்ளினால் நகரவே இல்லை. சுத்தம் செய்து சூடு தாங்கும் கிரீஸ் தடவிய பிறகு விரலால் தள்ளினாலே போனது. நூற்றுக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய பேட்டைவிட இந்த அரை மணி நேர வேலை அதிகம் உதவியது என்று நினைக்கிறேன். பேட் பாதி தேய்ந்ததும் டிராக்குக்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுகிறேன். மெலிந்த பேட் சூட்டை நேரே பிஸ்டனுக்குக் கடத்தும், அங்கிருந்து எண்ணெய்க்கு.

இந்த நேரத்தில்தான் நண்பன் ஒருவன் கூப்பிட்டான். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கும் கார்களைப் பிரித்து விற்கும் ஹாஃப்கட் கடையில் நாலு பிஸ்டன் காலிப்பர் ஜோடி வந்திருக்கிறதாம். “மச்சான், விலை படியுதுடா, இன்னைக்கே எடுத்துருவோம்” என்றான். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் கம்பெனி பிரேக்கிலேயே காய்ந்த தரையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் முழுதாக மிதித்தால், சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் துடிக்கிறது. அப்படியென்றால் டயர் தாங்கும் அளவுக்கு பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்று பொருள். என் டயர் 185/55 ஆர்15. அதன் பிடியைத் தாண்டி எந்தக் காலிப்பரும் வண்டியை நிறுத்தாது.

இன்னொன்றும் இருக்கிறது. பிஸ்டன் பரப்பு கூடினால் அதைத் தள்ள அதிக எண்ணெய் வேண்டும், மாஸ்டர் சிலிண்டர் பழைய அளவிலேயே இருப்பதால் பெடல் நீளும். முன் சக்கரத்தின் பங்கு கூடிப் பின் டிரம் பாதி வேலை கூடச் செய்யாது. முன் டயர் சீக்கிரம் பூட்டிக்கொள்ள, நிற்கும் தூரம் கூடினாலும் கூடும். 15 அங்குல ரிம்முக்குள் அந்தக் காலிப்பர் நுழையாமல் 16, 17 வாங்க வேண்டி வரும், ஒவ்வொரு சக்கரத்திலும் எடை ஏறும். அதிகம் பிடிக்கும் செமி ஸ்லிக் டயர், டர்போ எஞ்சின், அல்லது மணிக்கணக்கில் ஓடும் போட்டி என்றால் பேச்சே வேறு. அங்கே சூட்டை வாங்கிக்கொள்ள அதிக இரும்பு வேண்டும், பெரிய டிஸ்க்தான் வழி. என் மைவி அந்த இடத்தில் இல்லை. துளை போட்ட டிஸ்க்கையும் இதே காரணத்தால் ஒதுக்கினேன். துளையைச் சுற்றித்தான் விரிசல் முதலில் விழும். காற்றோட்ட டிஸ்க், மேலே வழவழப்பு, கம்பெனி அளவு, அவ்வளவுதான்.

அந்தப் பணத்தில் சின்னப் பங்கு காற்றுக் குழாய்க்குப் போனது. காற்றோட்ட டிஸ்க் நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாக வெளியே தள்ளும். ஆகவே காற்றை டிஸ்க்கின் முகத்தில் அடிப்பதைவிட நடுவில் கொண்டு சேர்ப்பதுதான் முக்கியம். பம்பரின் கீழ்ப் பகுதியிலிருந்து மூன்று அங்குலக் குழாய், சூடு தாங்கும் சிலிக்கான் வகை, டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகரத்தில் துளையிட்டு அங்கே முடித்தோம். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி டயர் உரசுகிறதா என்று அண்ணன் மூன்று தரம் பார்த்தார். அடுத்த டிராக் டேயில் காலிப்பர் ஸ்டிக்கர் ஒரு கட்டம் கீழேயே நின்றது. வெயிலும் அன்று குறைவில்லை, அதனால் இதைக் குழாயின் வேலை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஓட்டும் முறையிலும் ஒரு மாற்றம். நீண்ட தூரம் லேசாக மிதித்துக்கொண்டு வருவதைவிட, குறைந்த தூரத்தில் அழுத்தி மிதித்து விட்டுவிடுகிறேன். ஆற்றல் ஏறக்குறைய அதேதான், ஆறுவதற்குக் கிடைக்கும் நேரம் கூடுகிறது. கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக முடிப்பேன். உள்ளே வந்ததும் ஹேண்ட்பிரேக் இழுப்பதில்லை. சூடான டிரம் ஆறும்போது சுருங்கி, உள்ளேயிருக்கும் பிரேக் ஷூவைக் கவ்விக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டால் போதும்.

பின் டிரம்மை இதுவரை சுத்தம் செய்து, ஷூ இடைவெளியைச் சரிசெய்ததோடு விட்டிருக்கிறேன். அதற்கே ஹேண்ட்பிரேக் இரண்டு பல் குறைந்தது, பெடலும் கொஞ்சம் மேலே வந்தது. வலது பக்க வீல் சிலிண்டர் ரப்பரில் லேசான கசிவு தெரிகிறது. பாகம் வாங்கி வைத்துவிட்டேன், இரண்டு பக்கமும் மாற்றிவிட்டுத்தான் அடுத்த முறை செப்பாங் போவேன்.