பிளேட்லெட்டை மட்டும் பார்த்தேன்

தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது இரவு இரண்டு மணிக்கு இடது பக்க நாரியில் தொடங்கியது வலி. இருந்தாலும் சுகம் இல்லை, படுத்தாலும் இல்லை. விறாந்தையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அடிவயிறு வரைக்கும் இழுத்து, இரண்டு தடவை சத்தியும் வந்துவிட்டது. விடிந்ததும் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்க்குழாயின் மேல்பக்கத்தில் 8 மில்லிமீற்றர் கல்.

5 மில்லிமீற்றருக்குள் இருந்தால் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், 8 என்றால் நிச்சயம் சொல்ல முடியாது என்றார் டொக்டர். குளிசை தந்து, பத்து நாளில் கிளினிக்குக்கு வரச் சொன்னார். அன்று எடுத்த இரத்தத்தில் வெண்குருதிக் கலங்கள் 9,800, உடம்பில் தொற்று, அழற்சி இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. 12, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.0. வெளியே வரும்போது, “காய்ச்சல் வந்தால் கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம், உடனே வாங்க” என்றார். நான் தலையாட்டினேன். காதில் ஏறியது பத்து நாள் மட்டும்தான்.

ஐந்தாம் நாள் வலி அப்படியே போய்விட்டது. கல் விழுந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். அம்மா வாழைத்தண்டுச் சாறுதான் வேலை செய்தது என்றார். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டிருப்புப் பாலத்தால் மட்டக்களப்பு வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போய், வெல்லாவெளிப் பக்கம் இருக்கும் வயலையும் பார்த்துவிட்டு வந்தேன். அன்று பின்னேரம் நடுக்கம் தொடங்கியது. இரண்டு போர்வை போர்த்தும் பல் கிட்டி அடித்தது.

மாரி முடிகிற நேரத்தில் எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் முதலில் வாயில் வருவது டெங்குதான். மறுநாள் காலை இரத்தக் கலங்களை எண்ணிப் பார்க்கும் எப்.பி.சி. எடுத்தோம். ரிப்போர்ட் கையில் வந்ததும் நான் பார்த்தது பிளேட்லெட் வரியை மட்டும். 162,000. 150,000க்கு மேலே இருக்கிறதே, சரி, டெங்கு இல்லை என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு பனடோல் போட்டுக்கொண்டு படுத்தேன். இது யாருடைய பிழையும் இல்லை, முழுக்க என் பிழை. டெங்கு எங்கள் எல்லோருக்கும் அந்த ஒரு வரியை வாசிக்கத்தான் பழக்கிவிட்டிருக்கிறது.

பின்னேரம் காய்ச்சல் இன்னும் ஏற, மனுசி பேச்சுக்கே இடம் வைக்காமல் ஓட்டோவைக் கூப்பிட்டார். விடுதியில் இருந்த இளம் டொக்டர் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பேனாவால் மேல் வரியைத் தட்டினார். வெண்குருதிக் கலங்கள் 17,400.

“அண்ணன், டெங்கு என்றால் இது பெரும்பாலும் குறையும். உங்களுக்கு ஏறிக் கிடக்கு.”

அடுத்து, “வயலுக்க இறங்கினீங்களா?” என்று கேட்டார். எலிக்காய்ச்சலை நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். அதிலும் வெண்குருதிக் கலங்கள் ஏறும், கிரியேட்டினின் ஏறும், பிளேட்லெட் இறங்கும். வரம்பிலேயே நின்றுவிட்டு வந்தேன் என்றேன். இடது நாரியில் கையால் மெல்லத் தட்டினார். நான் கட்டிலை விட்டு எழும்பிவிட்டேன்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டார். வெண்குருதிக் கலங்களில் இரண்டு வகை: நியூட்ரோபில் 89 வீதம், லிம்போசைட் 6 வீதம். ஒன்றை மற்றதால் பிரித்தால் கிட்டத்தட்ட 15. சுகமாக இருக்கிற ஆளுக்கு இது பெரும்பாலும் 1க்கும் 3க்கும் இடையில் நிற்குமாம். தனி ரெஸ்ட் தேவையில்லை, காசும் இல்லை, எப்.பி.சி.யிலேயே கிடக்கிறது. சட்டைப்பையில் காலையிலிருந்து அதையும் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

சி.ஆர்.பி. 178 வந்தது. கிரியேட்டினின் 1.8. பிளேட்லெட் காலையை விடக் குறைந்து 128,000. ஆனால் சலத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை! அதுதான் எனக்கு விளங்கவில்லை. கல் முழுதாக அடைத்துக்கொண்டால் கிருமி மேலேயே தங்கிவிடும், கீழே வருவது மற்றச் சிறுநீரகத்தின் நல்ல சலம் என்றார். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது. புரோகல்சிற்றோனின் என்று இன்னொரு ரெஸ்ட் இருக்கிறது, பக்டீரியாத் தொற்றை நன்றாகக் காட்டும், விலை கூட. என் விசயத்தில் அதற்கு வேலை இல்லை என்றார்கள். அடைபட்ட கல்லும் காய்ச்சலும் சேர்ந்தாலே இரவோடு இரவாக அடைப்பைத் திறந்துவிட வேண்டியதுதான்.

முதுகில் விறைப்பு ஊசி போட்டு சலம் இறங்க உள்ளே ஸ்டென்ட் என்கிற மெல்லிய குழாய் வைத்தார்கள். கல்லைத் தொடவில்லை. கிருமி இருக்கும்போது கல்லை உடைத்தால் அது இரத்தத்தில் கலந்துவிடும். பையில் இறங்கியது சலம் மாதிரி இல்லை, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

மறுநாள் காலை சி.ஆர்.பி. 191. மனுசி அழத் தொடங்கிவிட்டார். டொக்டர் பதறவில்லை. ஈரல் செய்கிற புரதம் அது, ஏறவும் நேரம் எடுக்கும், இறங்கவும் நேரம் எடுக்கும். வெண்குருதிக் கலங்கள் 13,000க்கு வந்துவிட்டது, சலம் நன்றாகப் போகிறது, அதைப் பாருங்கள் என்றார். அதற்கு அடுத்த நாள் சி.ஆர்.பி. 96, பிறகு 41. பல்லில் சீழ் கட்டினாலும் சி.ஆர்.பி. ஏறும் என்பதால் ஒற்றை எண்ணை வைத்து அவர் ஒன்றும் முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் முந்தின நாள் தாளைத்தான் தேடினார். கிரியேட்டினினையும் நம்பி இருக்கக் கூடாதாம். ஒரு சிறுநீரகம் அடைபட்டாலும் மற்றது நன்றாக இருந்தால் அது ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கக்கூடும்.

ஸ்டென்டோடு ஒரு மாதம். அதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் சலம் முட்டும், மோட்டார் சைக்கிளில் ஏறினால் சிவப்பாகப் போகும்.

லேசரால் கல்லை உடைக்கும் முன்பு திரும்பவும் எப்.பி.சி., சி.ஆர்.பி., கல்ச்சர். சி.ஆர்.பி. 4 என்று வந்த பிறகுதான் திகதி தந்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு யாருக்குக் காய்ச்சல் வரக்கூடும் என்பதை முன்கூட்டிப் பார்க்கத்தான் இவ்வளவும். எனக்கு வரவில்லை. இரண்டு கிழமையில் ஸ்டென்டையும் எடுத்துவிட்டார்கள்.

அதற்குள் பெரும்போக அறுவடை முடிந்துவிட்டது. மெசின் பிடித்து மச்சான்தான் எல்லாம் பார்த்தார். நெல்லு விற்ற துண்டும் என் இரத்த ரிப்போர்ட்டுகளும் இப்போது ஒரே பைலில்தான் கிடக்கின்றன.