மாலை வகுப்பும் இரண்டாவது வினையும்

3.6.2025, செவ்வாய்

திருப்பூரில் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்கள், அதாவது ஆர்டரைக் கவனித்து முடித்துக்கொடுக்கிறவர்கள். சரக்கு வாங்கும் பையருக்குப் போகும் மெயிலை அவர்களேதான் எழுதியாக வேண்டும். 12 டென்ஸையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு வினை வந்துவிட்டால்தான் தகராறு.

இன்று போர்டில் ஒரு பெண் எழுதியது: "டையிங் மாஸ்டர் செட் ஹி வில் கிவ் த லேப் டிப் டுமாரோ." டையிங் மாஸ்டர் என்றால் சாயம் போடுவதைப் பார்த்துக்கொள்கிறவர், லேப் டிப் என்றால் நிறம் சரிபார்க்கச் சாயமேற்றிய துணி மாதிரி.

"நாளைக்குத் தருகிறேன் என்று சொன்னார்" என்கிறோம். மாஸ்டர் வாயில் வந்த காலத்தை "என்று" அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'செட்' வந்ததும் பின்னால் வருவதும் ஒரு படி இறங்கும். வில் வுட் ஆகும், இஸ் வாஸ் ஆகும், ஹேவ் ஹேட் ஆகும்.

"ஆனா நாளைக்கு இன்னும் வரலீங்களே சார்?" என்றாள். நல்ல கேள்வி. சொன்ன நாள் இன்னும் வராதபோது 'வில்' என்றே விட்டாலும் தப்பில்லை. அடுத்த வாரம், லேப் டிப் வராத கதையைப் பையருக்குச் சொல்லும்போது 'வுட்' வேண்டும். அப்போது டுமாரோவும் 'த நெக்ஸ்ட் டே' ஆகிவிடும்.

5.6.2025, வியாழன்

"ஐ ஹேட் கான் டு ஈரோடு யெஸ்டர்டே." வகுப்பில் யாருக்கும் இது உறுத்தவில்லை. "நேற்று ஈரோட்டுக்குப் போயிருந்தேன்" என்பது நமக்கு முழு வாக்கியம்தானே! அந்த 'இருந்தேன்'தான் ஹேட் ஆகிப் போய் உட்காருகிறது. ஆங்கிலத்தில் ஹேட் போட்டால் அதற்குப் பிறகு நடந்த இன்னொன்றும் பக்கத்தில் தெரிய வேண்டும். "வென் த பையர் கால்ட், ஐ ஹேட் கான் டு ஈரோடு" என்றால் சரி. தனியாகச் சொல்ல "ஐ வென்ட்" போதும்.

மெயிலில் இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. "வி ஹேட் சென்ட் த சாம்பிள்" என்று நிறுத்தினால், அப்புறம் என்ன ஆச்சு, திரும்பி வந்துவிட்டதா என்று படிக்கிறவர் யோசிப்பார்.

6.6.2025, வெள்ளி

"டிட் யூ ஏட்?" இறந்தகாலத்தை டிட் ஏற்கெனவே வாங்கிக்கொண்டது, ஈட் சும்மா இருக்கட்டும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

10.6.2025, செவ்வாய்

"ஷிப்மென்ட் ஹேஸ் லெஃப்ட் தூத்துக்குடி யெஸ்டர்டே." ஹேஸ் லெஃப்ட் இருக்கும் இடத்தில் யெஸ்டர்டேவுக்கு வேலை இல்லை. கிளம்பிவிட்டது என்பதுதான் செய்தி என்றால் யெஸ்டர்டேவை எடுத்துவிடலாம். பையர் தேதி கேட்டிருந்தால் ஹேஸை எடுக்க வேண்டும். அவருக்கு எது தேவை என்று முதலில் யோசித்தால் டென்ஸ் தானாக அமையும்.

'சின்ஸ்' இதற்கு நேர் எதிர். "2019-லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்" என்பதால் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019" வருகிறது. அன்று தொடங்கி இன்றுவரை நீளும் வேலைக்கு 'ஹேவ் பீன் வொர்க்கிங்'தான்.

12.6.2025, வியாழன்

"இஃப் த ஃபேப்ரிக் வில் கம், வி வில் ஸ்டார்ட் கட்டிங்." இங்கே தமிழைப் பிடித்துக்கொண்டிருந்தாலே தப்பித்திருப்பார்கள். 'துணி வந்தால்' என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? நாளை என்றாலே வில் என்று பள்ளியில் பதிந்த பழக்கம் இது. 'இஃப் த ஃபேப்ரிக் கம்ஸ்' போதும், வில் பின்பாதியில் ஒரு தடவை வந்தால் சரி. 'வென்' வந்தாலும் இதே கணக்கு.

செவ்வாய்க்கிழமை அவரவர் பழைய மெயில்களை, கம்பெனி பெயரை அடித்துவிட்டு, பிரிண்ட் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.