கோல்ஃப் பட்டிங் பயிற்சி: முதலில் பட்டரின் முகம், பிறகு வேகம்

கோல்ஃபில் பந்தைக் குழியை நோக்கித் தரையில் உருட்டும் அடி பட், அதற்கான மட்டை பட்டர். பத்தடி பட்டில் பட்டரின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, ஒரு டிகிரி திரும்பியிருந்தாலே, குழியை நெருங்கும்போது பந்து இரண்டு அங்குலம் விலகிவிடும். குழியின் விட்டம் 4.25 அங்குலம்தான். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அடிபடும் நொடியில் முகம் பார்க்கும் திசை. பட்டர் வரும் பாதையின் பங்கு மிகக் குறைவு. அதனால் முகத்தை நேராக வைக்கும் பயிற்சிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

பந்துக்கு 18 அங்குலம் முன்னால் இரண்டு டீக்களை (பந்தை ஏற்றி வைக்கும் சிறு முளைகளை) 2 அங்குல இடைவெளியில் குத்துங்கள். பந்தின் விட்டம் 1.68 அங்குலம் என்பதால், டீயைத் தொடாமல் போன பந்தின் திசைப்பிழை அரை டிகிரிக்குள் இருக்கும். அவ்வளவு அருகில் பந்து வளையாது. ஆகவே சரிவிலும் இதைச் செய்யலாம். ஆனால் டீக்களைக் குழிக்கு நேராக வைக்கக் கூடாது, சரிவுக்கு ஏற்பக் குறி பார்க்கும் கோட்டில் வைக்க வேண்டும்.

வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடது டீயிலேயே மோதிக்கொண்டிருந்தால் முகம் மூடிக்கொள்கிறது, அதாவது இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. வலது கை இறுகுவது, பந்து இடது காலை ஒட்டி அதிகம் தள்ளியிருப்பது, இரண்டில் ஒன்று காரணமாக இருக்கும். வலது டீயில் மோதினால் பந்து பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள்: முகம் நேராவதற்குள் அடி விழுந்துவிடுகிறது. இருபுறமும் மாறி மாறி மோதினால் பிடியையும் நிற்கும் நிலையையும் திருத்திப் பயனில்லை, மணிக்கட்டு ஆடுகிறது.

வேகத்துக்கு, குழிக்கு 18 அங்குலம் பின்னால் ஒரு கிளப்பை (கோல்ஃப் மட்டையை) குறுக்கே கிடத்துங்கள். 10, 20, 30 அடியிலிருந்து அடிக்கும் பந்து குழியில் விழ வேண்டும், அல்லது குழியைத் தாண்டி கிளப்பைத் தொடாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் தூரத்தை மாற்றுவது முக்கியம். அதே இடத்திலிருந்து அடிக்கும் இரண்டாவது பந்து முதல் பந்தைப் பார்த்துத் திருந்திவிடும். ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது. பெர்முடா புல் கிரீனில் (குழியைச் சுற்றிய புல்தரையில்) புல் சாயும் திசையையும் கவனியுங்கள். பளபளப்பாகத் தெரிந்தால் பந்து வேகமாக ஓடும், கருத்துத் தெரிந்தால் இழுக்கும். பனி ஈரம் காயாத காலையில் பழகிய வேகம் மதியத்துக்குப் பொருந்தாது.

கடைசியாக, சரிவில் உள்ள குழியைச் சுற்றி மூன்றடியில் நான்கு பந்துகள். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து தொடங்குங்கள். இறக்கப் பட்டில்தான் பலரும் பயந்து அடியைப் பாதியில் நிறுத்துகிறார்கள். பின்னிழுப்பைக் குறைத்து, அடியை முழுதாக முடிப்பதே வழி.

வீட்டுக் கம்பளத்தில் முதல் பயிற்சி மட்டும் போதும். டீக்குப் பதில் இரண்டு பென்சில் பேட்டரிகளை நிறுத்தி வைக்கலாம்.